விசைக்கு மொழி தெரியாது: தமிழ் கீபோர்டு டிரைவர்களின் கதை

வட சென்னையைப் பற்றிப் பேச ஆரம்பிச்சா கப்பல், கிரேன், ரயில், தொழிற்சாலைன்னு பெரிய பெரிய இரும்புலதான் பேச்சு போய் நிக்கும். இன்னைக்கு எடுத்துக்கிட்டது ரொம்பச் சின்ன சாமான். விரல் நுனி அளவுதான் இருக்கும். கீபோர்டு விசை.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் போனாலும் சரி, திருவொற்றியூர் தேரடி பக்கம் போனாலும் சரி, ஜெராக்ஸ், டிடிபி, லேமினேஷன் மூன்றையும் ஒரே போர்டில் எழுதி வெச்ச கடை கண்ணில் படும். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, வாடகை ஒப்பந்தம், கலெக்டருக்கு மனு, எல்லாம் அங்கதான் டைப் ஆகுது. அப்படி ஒரு கடையில் 1998-ல் அடிச்ச ஃபைல் ஒன்று இன்னைக்கு உங்க லேப்டாப்புக்கு வருதுன்னு வெச்சுக்கோங்க. திறந்து பார்த்தா, "அம்மா" இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எம், அடுத்து கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச்.

ஃபைல் கெட்டுப்போகலை. ஒரு பிட் கூட மாறலை. அன்னைக்கு அந்தக் கணினியில் என்ன பதிவாச்சோ அதுவேதான் இன்னைக்கும் இருக்கு. அப்போ தமிழ் எங்கே போச்சு? இந்த எபிசோட் முழுக்க இந்த ஒரு கேள்விதான். பதில் டிரைவர்ங்கிற இடத்தில் இருக்கு.

30, 158

முதல்ல, ஒரு விசையை அழுத்தினா என்ன நடக்குதுன்னு பார்ப்போம்.

கீபோர்டுக்குள்ள ஒரு குட்டி சிப் இருக்கு. அதுக்கு எந்த மொழியும் தெரியாது. விசை மேல என்ன அச்சடிச்சிருக்குன்னும் தெரியாது. எந்த இடத்து விசை அழுந்தியது, எப்போ விடுபட்டது, இவ்வளவுதான் தெரியும். பழைய ஐபிஎம் பிசி குடும்பத்தில், ஆங்கில 'ஏ' விசையை அழுத்தினால் கணினியின் மென்பொருளுக்குக் கிடைப்பது 30 என்ற எண். விரலை எடுத்தால் 158, அதாவது 30-உடன் 128 கூட்டியது. இதுக்குப் பேர் ஸ்கேன் கோடு.

அந்த எண் வந்ததும் கீபோர்டு பிராசசரின் தோளைத் தட்டும். இதை இன்டரப்ட் என்று சொல்வோம். பிராசசர் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு ஒரு சின்ன நிரலுக்குத் தாவும். 30 என்ற எண்ணைப் படித்து, ஷிஃப்ட் அழுந்தியிருக்கிறதா என்று பார்த்து, "இது சின்ன ஏ" என்று முடிவு செய்வது அந்த நிரல்தான். அதுதான் டிவைஸ் டிரைவர். இயங்குதளம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், நடுவில் டிரைவர். அது இல்லைன்னா 30 வெறும் 30.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். "30 என்றால் ஏ" என்பது இயற்கை விதி இல்லை. யாரோ உட்கார்ந்து எழுதின அட்டவணை. 1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் 0.01 பதிப்பை வெளியிட்டபோது, அதன் கீபோர்டு டிரைவரில் இருந்தது ஃபின்லாந்து கீபோர்டு. அவர் ஹெல்சிங்கியில் படிச்சுக்கிட்டிருந்தார், அவர் மேசையில் இருந்தது அதுதான். அமெரிக்க கீபோர்டு வெச்சிருந்தவங்க கொஞ்சம் பழகிக்கிட்டாதான் உண்டு. ஆக, எந்த கீபோர்டு டிரைவரும் யாரோ ஒருத்தருடைய தாய்மொழியோடுதான் பிறக்குது. தமிழர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: 30 என்ற எண் ஏன் 'ய' ஆகவோ 'அ' ஆகவோ இருக்கக் கூடாது?

இரும்பில் எழுதின டிரைவர்

இந்தக் கேள்வி கம்ப்யூட்டருக்கு முன்னாடியே வந்தாச்சு. தட்டச்சுப் பொறியில் ஏறக்குறைய 45 விசை. ஷிஃப்ட்டோடு சேர்த்தால் 90 இடம். தமிழில் 247 எழுத்து. எப்படி அடக்குறது?

யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலேயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போன ஆர். முத்தையா இதற்கு ஒரு வழி கண்டார். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். எழுத்துகளைத் துண்டுகளாகப் பிரிப்பதுதான் அடிப்படை. கொம்பு ஒரு விசை, கால் ஒரு விசை, 'க' ஒரு விசை. மூன்றையும் வரிசையாக அடித்தால் 'கொ'. புள்ளிக்கும் இகரக் கொக்கிக்கும் இன்னொரு தந்திரம்: நகராத விசை. அதை அடித்தால் புள்ளி காகிதத்தில் விழும், ஆனால் உருளை ஒரு இடம் தள்ளிப் போகாது. அடுத்து 'க' அடித்தால் அதே இடத்தில் விழுந்து 'க்' ஆகிவிடும். வாயால் சொல்லும்போது முதல்ல க, அப்புறம் புள்ளி. விரலுக்கு முதல்ல புள்ளி, அப்புறம் க. இந்த வரிசை மாற்றத்தை நினைவில் வெச்சுக்கோங்க. பின்னாடி கம்ப்யூட்டரில் இதே சிக்கல் திரும்ப வரும்.

1956-ல் மாகாண ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அரசு அலுவலகங்களுக்குத் தமிழ்த் தட்டச்சு தேவைப்பட்டது. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, னா, ணா, றா, லை, ளை போன்றவற்றின் பழைய சுழி வடிவங்களை விலக்கியது. தனி உருவம் குறைய, விசைப்பலகையின் சுமையும் குறைந்தது.

நம்ம ஏரியாவுக்கு இதில் என்ன சம்பந்தம்? துறைமுகம், சுங்கம், ரயில்வே, எண்ணூர் அசோக் லேலண்ட், திருவொற்றியூர் என்ஃபீல்டு என்று வேலை சூழ்ந்த பகுதி இது. ஷாப் ஃப்ளோருக்குப் போகாமல் ஆபீசுக்குப் போக ஆசைப்பட்ட பையனுக்கும் பொண்ணுக்கும் ஒரு வாசல் இருந்தது: டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். லோயர், ஹையர். ஆங்கிலம் முடிச்சா தமிழ். டிஎன்பிஎஸ்சி தட்டச்சர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேணும். தமிழ் வகுப்பின் முதல் பாடம் "யளனகபக". இடது கை விரல்கள் அந்த ஆறு அடிகளை ஒரு நாளைக்குப் பக்கம் பக்கமா அடிக்கும். சில மாசத்தில் விரலே டிரைவர் ஆயிடும். 'ய' எங்கே இருக்குன்னு மூளை கேட்காது, சுண்டுவிரல் தானாகப் போகும்.

கம்ப்யூட்டர் வந்தபோது மாற்ற முடியாமல் இருந்தது இந்த விரல்களைத்தான். மென்பொருளை எழுதிக்கலாம், அழிச்சுக்கலாம். பத்து வருஷம் பழகின சுண்டுவிரலை அழிச்சு எழுத முடியாது.

இன்டரப்டைக் கடத்துவது

1980-களில் பிசி வந்தது, எம்எஸ்-டாஸ் வந்தது. தமிழை அதற்குள் கொண்டுவர இரண்டு வழி இருந்தது.

ஒன்று, இரும்பையே சேர்ப்பது. ஐஐடி கான்பூரில் தொடங்கி, பிறகு புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் கார்டு அப்படிப்பட்டது. பிசியின் ஸ்லாட்டில் செருகினால், டாஸில் ஓடும் சாதாரண நிரல்களிலேயே இந்திய மொழி எழுத்து தெரியும். எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அமைப்பு என்பது அதன் கொள்கை: இன்ஸ்கிரிப்ட் கீபோர்டில் இந்தி 'க' எங்கேயோ தமிழ் 'க'வும் அங்கேதான். 1991-ல் இந்தியத் தர நிறுவனம் வெளியிட்ட இஸ்கி என்ற குறியாக்கமும் அதே வழிதான்.

இன்னொரு வழி, மென்பொருளால் புகுவது. கனடாவில் இருந்த சீனிவாசனின் 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 வாக்கில் தொடங்கிய 'முரசு' எல்லாம் இந்தக் காலத்தில் முளைத்தவை. கவனிச்சீங்களா? கனடா, மலேசியா. அப்புறம் சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா. தமிழ்க் கணினியின் முதல் தலைமுறை எழுதின பல நிரல்கள் கடல் தாண்டித்தான் வந்தன.

பொதுவாக டாஸில் ஒரு மொழியைக் கீபோர்டுக்குள் நுழைப்பது எப்படின்னு சொல்றேன். டாஸில் 9-ஆம் எண் இன்டரப்ட் கீபோர்டுக்கானது. நினைவகத்தின் ஆரம்பத்தில் ஒரு அட்டவணை இருக்கும்: "9 வந்தால் இந்த முகவரிக்குப் போ". அந்த முகவரியைத் தூக்கிவிட்டு உங்க நிரலின் முகவரியை வைத்தால், இனி ஒவ்வொரு விசையும் முதலில் உங்களிடம் வரும். 30 வந்தா 'ய' என்று மாற்றி அனுப்பலாம். நிரல் முடிந்த பிறகும் நினைவகத்திலேயே தங்கியிருக்கும்.

கேட்கச் சுலபம். பிழை திருத்தும்போதுதான் தெரியும். டிரைவர் எழுதினவங்களுக்கு இந்த இடத்தில் ஒரு கசப்பான சிரிப்பு வரும். வேலை முடிந்ததும் இன்டரப்ட் சிப்பிடம் "முடிச்சிட்டேன்" என்று ஒரு கட்டளை அனுப்பணும். அதை மறந்தால் முதல் விசை வேலை செய்யும், இரண்டாவது வராது. கீபோர்டு செத்துப்போகும். கீபோர்டு செத்தால் பிழை திருத்தும் நிரலுக்கு எதை வைத்துக் கட்டளை கொடுப்பது? சரி, என்ன நடக்கிறது என்று ஒரு ஃபைலில் எழுதிப் பார்க்கலாமா? அதுவும் முடியாது. இன்டரப்டுக்கு நடுவில் டாஸைக் கூப்பிடக் கூடாது. டாஸ் அப்போது ஏற்கெனவே வேறு வேலையின் நடுவில் இருக்கலாம், உள்ளே மறுபடி நுழைந்தால் மொத்தமும் உறைந்துவிடும்.

அதனால் பழைய ஆட்கள் செய்தது: திரையின் மூலையில் ஒரு கட்டத்தை, வீடியோ நினைவகத்தில் நேரடியாக எழுதி மாற்றுவது. கட்டத்தில் எழுத்து மாறினால் நம் நிரல் அதுவரை வந்திருக்கிறது. மாறலைன்னா வரலை. அவ்வளவுதான் உங்க டீபக்கர். இன்னைக்கும் இந்தத் தந்திரத்துக்கு வாரிசு இருக்கு: லினக்ஸ் கெர்னல் முழுசாகக் கவிழ்ந்தால், திரை உறைந்தாலும், கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டும். கடைசி மூச்சை விடவும் கீபோர்டுதான் கிடைத்திருக்கிறது.

ஃபான்ட் சொன்ன பொய்

1990-களில் விண்டோஸ் வந்தது. கிராஃபிக்ஸ் வந்தது, ட்ரூடைப் ஃபான்ட் வந்தது. இப்போது தமிழ் எழுத டிரைவரே தேவையில்லை என்று ஒரு குறுக்குவழி பிறந்தது. கீபோர்டு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். கணினியும் ஆங்கிலம் என்றே நினைத்துக்கொள்ளட்டும். ஃபான்டில் மட்டும், எம் என்ற எழுத்து இருக்கும் பெட்டியில் 'அ' படத்தை வரைந்துவிடுவோம். கே பெட்டியில் 'ம'. அரைப்புள்ளிப் பெட்டியில் மெய்ப்புள்ளி. பாமினி ஃபான்ட் இப்படித்தான். ஆரம்பத்தில் பார்த்த 'அம்மா' ஃபைல் இதிலிருந்து வந்தது.

இதில் அழகான ஒரு விஷயம், பாமினியில் இடது கை நடுவரிசையை அழுத்தினால் வருவது ய, ள, ன, க, ப. இன்ஸ்டிடியூட்டில் பழகின அதே விரல், அதே இடம். தட்டச்சர் புதிதாக அதிகம் கற்க வேண்டியதில்லை. டிடிபி கடைகள் பெருகினதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தக் காலத்து டிடிபி ஆபரேட்டர்களை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நாளைக்குக் காலையில் பத்திரிகை கொடுக்கணும், கஸ்டமர் வாசலில் நிற்கிறார். பிரிண்டரில் 'அம்மா' சரியாக வந்தால் போதும்.

ஆனால் பிரச்சினை எங்கே வேர் விட்டதுன்னு பாருங்க. டிரைவர் செய்ய வேண்டிய வேலை, அதாவது "இந்த விசைக்கு இந்த எழுத்து" என்ற முடிவு, இப்போது ஃபான்டுக்குள் போய்விட்டது. ஃபைலில் இருப்பது எழுத்து கிடையாது, விசை. எந்த விசைகளை அழுத்தினோம் என்ற பதிவு மட்டும்தான் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு ஃபான்ட் தயாரிப்பாளரும் தனக்குப் பிடித்த பெட்டியில் தனக்குப் பிடித்த எழுத்தை வைத்தார்கள். பாமினி ஒரு விதம், வானவில் வேறு, ஸ்ரீலிபி வேறு. ஒரு கடையில் அடிச்சது அடுத்த தெருவில் திறக்காது. தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது. அந்த ஃபான்ட் இருந்தால்தான் அது தமிழ்.

பப்பாளிப் பிழை

இதைச் சரி செய்ய உலகத் தமிழர்கள் கூட ஆரம்பித்தார்கள். 1997-ல் சிங்கப்பூரில், எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ்நெட் 97 மாநாடு நடந்தது. மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்து, திஸ்கி என்ற பொதுக் குறியாக்கம் உருவானது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் நண்பர்களும் 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் பின்னர் அதில் வெளிவந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசே தமிழ்நெட் 99 மாநாட்டை நடத்தியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் அதில் முக்கியப் பங்கு வகித்தார். அங்கிருந்து வந்தவைதான் டாம், டாப் என்ற குறியாக்கங்களும், தமிழ்99 என்ற விசைப்பலகையும்.

தமிழ்99-ஐ ஒரு மென்பொருள்காரனாகப் பார்த்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம்: 31 விசை. இடது கைக்கு உயிர், வலது கைக்குப் பெரும்பாலும் மெய். துண்டு எழுத்து கிடையாது. நீங்க 'க'வும் 'ஒ'வும் அழுத்தினா 'கொ'. கொம்பு, கால் எல்லாம் மென்பொருளின் கவலை.

இன்னும் ஒரு படி மேலே, தமிழ் இலக்கணமே அதற்குள் இருக்கு. தமிழில் ஒரே மெய் இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் பெரும்பாலும் முதலாவது புள்ளி வைத்தது: அம்மா, பக்கம், தண்ணீர் என்பதற்கு ண்ண. மெல்லினத்துக்குப் பின் அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படித்தான்: ங்க, ஞ்ச, ந்த, ம்ப. அதனால் புள்ளியைத் தானாகவே வைத்துவிடு என்பது விதி. "அம்மா" என்று அடிக்க நான்கே விசை: அ, ம, ம, ஆ.

டிரைவர் கண்ணோட்டத்தில் இது பெரிய மாற்றம். ஃபின்லாந்து கீபோர்டுக்கு ஒரு அட்டவணை போதும்: எண் வந்தது, எழுத்து போனது, மறந்துவிடு. தமிழ்99-க்கு நினைவு வேணும். "இதற்கு முன் என்ன அடித்தார்கள்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கணும். நினைவு வந்த இடத்தில் பிழையும் வரும்.

'பப்பாளி' அடித்துப் பாருங்க. ப, ப, ப, ஆ, ள, இ. விதியை அவசரமாக எழுதின நிரல் முதல் ப-வுக்குப் புள்ளி வைக்கும், இரண்டாவதற்கும் வைக்கும்: "ப்ப்பாளி". தமிழ்99 வடிவமைத்தவர்கள் இதை யோசித்திருந்தார்கள். முதல் ப-வுக்குப் பிறகு 'அ' அழுத்தினால், "இது முழு ப, தொடாதே" என்று அர்த்தம். 'மமதை'க்கும் அதே வழி. தமிழ் விசைப்பலகை மென்பொருள் எழுதுகிற யாரும் சோதனைப் பட்டியலில் பப்பாளியைச் சேர்க்காமல் விடக் கூடாது.

இதைவிடக் கொடுமையான பிழை ஒன்று. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டன: 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க. ஆனால் பயனர் முதலில் க அடிக்கிறார், அது திரைக்குப் போய்விடுகிறது. அடுத்து எ அடிக்கிறார். இப்போது போன க-வை அழித்துவிட்டு, கொம்பு போட்டு, மறுபடி க போடணும். தட்டச்சுப் பொறியின் வரிசைச் சிக்கல் அப்படியே திரும்பி வந்தாச்சு. விசைப்பலகை நிரல் தானே ஒரு பேக்ஸ்பேஸ் அடிப்பது போல நடிக்கும். சரி, க-வுக்கும் எ-வுக்கும் நடுவில் பயனர் மவுசால் வேறு இடத்தைக் கிளிக் செய்தால்? நிரலின் நினைவில் க இன்னும் இருக்கிறது, கர்சர் அங்கே இல்லை. நடிப்பு பேக்ஸ்பேஸ் சம்பந்தமே இல்லாத ஒரு எழுத்தை அழித்துவிடும். வேகமாக அடிப்பவரிடம் மட்டும், மெதுவான கணினியில் மட்டும், எப்போதாவது வரும் பிழைகளும் இந்த வகையில்தான் சேரும். டெவலப்பர் உட்கார்ந்து நிதானமாக அடித்துப் பார்த்தால் வராது.

யூனிகோடு செய்த உபகாரம்

இந்த இடத்தில் யூனிகோடு வருது. 1991-ல் அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இஸ்கியை அடியொற்றி வந்ததால் அதன் மேல் தமிழர்களுக்கு மனக்குறை உண்டு. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரலையே என்ற வாதம் வருஷக் கணக்கில் நடந்தது. அந்த வாதம் தனி எபிசோடுக்கு. டிரைவர் எழுதுகிறவர் பக்கம் நின்று பார்த்தால், யூனிகோடு ஒரு பெரிய உபகாரம் செய்தது. எழுத்தை ஒலி வரிசையில் சேமித்தது. 'கெ' என்றால் முதலில் க, பிறகு எகரக் குறி. கொம்பை முன்னால் வரைவது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை.

விளைவைப் பாருங்க. க அடித்தாச்சு, போயாச்சு. எ அடித்தால் பின்னால் ஒரு குறியைச் சேர்த்தால் போதும். இரண்டாவது ம அடித்தால் ஒரு புள்ளியும் ஒரு ம-வும் சேர்த்தால் போதும். எதையும் அழிக்கத் தேவையில்லை. நடிப்பு பேக்ஸ்பேஸ் பெரும்பாலும் காணாமல் போச்சு, அதோடு அந்தப் பிழைக் குடும்பமும். தரவைச் சரியான வடிவத்தில் வைத்தால் டிரைவர் தானாக எளிதாகிறது.

புதுப் பிழைகள் வராமல் இல்லை. 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. 'ஔ'வுக்குப் பதில் ஒ-வும் ள-வும் அடித்த ஃபைல்கள் ஏராளம். ஆனால் இவை திருத்தக்கூடிய பிழைகள். எழுத்து எழுத்தாகவே ஃபைலில் இருக்கு.

2000-ல் விண்டோஸ் 2000, லதா என்ற ஃபான்டோடு தமிழ் யூனிகோடை ஆதரித்தது. அதில் இருந்தது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை. தமிழ்99 வேண்டும் என்றால் தனியாகத்தான் போடணும். அப்போது கைகொடுத்தது கீமேன். ஆஸ்திரேலியாவின் மார்க் டுர்டின் 1993-ல் லாவோ மொழிக்காக எழுதிய நிரல். விசைப்பலகை விதிகளை ஒரு எளிய மொழியில் எழுதிக் கொடுத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். அதை வைத்துத்தான் முகுந்தும் நண்பர்களும் இ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகளை இலவசமாகக் கொடுத்தார்கள். தமிழ் வலைப்பதிவுகளின் ஆரம்ப நாட்களில் அந்தக் கலப்பைதான் உழுதது.

64 பிட் விண்டோஸ் வந்தபோது இன்னொரு சுத்திகரிப்பு நடந்தது. டாஸ் காலத்து 16 பிட் நிரல்கள் அதில் ஓடவே ஓடாது. 32 பிட் நிரல் ஒன்று 64 பிட் நிரலுக்குள் தன் கோடை நுழைத்து விசையைப் பிடிக்கவும் முடியாது. மேம்படுத்தப்படாத பழைய விசைப்பலகை மென்பொருள்கள் கைவிட வேண்டியதாச்சு. ஆனால் யூனிகோடில் சேமித்த ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகலை. எழுதின கருவி செத்தாலும் எழுத்து உயிரோடு இருந்தது. பாமினி ஃபைலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இது டிரைவர்தானா?

உங்களில் சிலர் நியாயமாகக் கேட்பீங்க: இதெல்லாம் டிரைவரா? இன்றைய கணக்கில் இல்லை. லினக்ஸில் கீபோர்டு டிரைவர் கெர்னலுக்குள் இருக்கு, அதற்குத் தமிழ் தெரியாது. தமிழ்99 இருப்பது மேலே, எம்17என் என்ற நூலகத்தில் ஒரு உரைக் கோப்பாக. ஜப்பானில் உருவான நூலகம் அது. ஐபஸ் மூலமாக எந்த நிரலுக்கும் போய்ச் சேரும். விண்டோஸும் மேக்கும் ஏறக்குறைய இப்படித்தான்.

டாஸ் காலத்தில் இன்டரப்டுக்குள் இருந்த தமிழ், இப்போது கெர்னலுக்கு வெளியே வந்துவிட்டது. அதில் ஒரு பாடம் இருக்கு. 2001-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் லினக்ஸ் கெர்னலை ஆராய்ந்தபோது, டிரைவர் பகுதிகளில் பிழை விகிதம் மற்ற பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் என்று கண்டார்கள். கெர்னலில் பிழை என்றால் மொத்தக் கணினியும் கவிழும். புள்ளி எங்கே வைப்பது என்ற விதியை அங்கே வைத்தால் பப்பாளி அடித்து ஒரு சர்வரைக் கவிழ்க்கலாம். மேலே வைத்தால், அதிகபட்சம் "ப்ப்பாளி" வரும், அழித்துவிட்டு மறுபடி அடிக்கலாம்.

ஆகவே என் கட்சி இது. கீழே இரும்புக்கு ஒரு டிரைவர், அதற்கு எண் மட்டும் தெரிந்தால் போதும். மேலே விசைப்பலகை, அது யாருக்கு எது பழக்கமோ அதுவாக இருக்கட்டும். ஃபைலில் எழுத்து, அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கணும். திரையில் ஃபான்ட், அது அழகை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். இந்த நான்கையும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்ட போதெல்லாம் தமிழ் எங்கேயோ மாட்டிக்கொண்டது. பிரித்து வைத்த பிறகு, யளனகபக அடிக்கிற திருவொற்றியூர் தட்டச்சரும், தமிழ்99 அடிக்கிற கல்லூரி மாணவியும், ஆங்கில ஒலிப்பில் அடிக்கிற நானும் ஒரே ஃபைலில் வேலை செய்ய முடிகிறது. யாரும் யாருடைய விரலையும் மாற்றச் சொல்ல வேண்டியதில்லை.

2010-ல் தமிழக அரசு யூனிகோடை அரசுப் பயன்பாட்டுக்கான தரமாக அறிவித்தது, கூடவே டேஸ்-16 என்ற குறியாக்கத்தையும். 2019-ல் விண்டோஸ் 10 புதுப்பிப்பில் தமிழ்99 உள்ளேயே வந்தது. சென்னையில் மாநாடு முடிந்து 20 வருஷம் கழிச்சு.

மிச்சம் இருப்பது பழைய ஃபைல்கள். இந்த எபிசோட் கேட்கிறவங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்க தெரு டிடிபி கடையில், அப்பாவின் சங்க அலுவலகத்தில், கோயில் கமிட்டி பீரோவில் 90-களின் ஃப்ளாப்பியோ சிடியோ கிடக்கலாம். சங்க நிமிடக் குறிப்பு, மலர், துண்டறிக்கை, ஊர் வரலாறு எது வேணும்னாலும் இருக்கும். முதல்ல அப்படியே நகல் எடுங்க, மூல ஃபைலைத் தொடாதீங்க. எந்த ஃபான்டில் அடிச்சதுன்னு அடிச்சவரிடமே கேளுங்க. அவர் இன்னும் அதே தெருவில் இருப்பார், அவருக்கு ஞாபகம் இருக்கும். ஃபான்ட் பெயர் தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் இருக்கு. மாற்றின பிறகு ஒரு ஆள் உட்கார்ந்து படிச்சுப் பார்க்கணும், குறிப்பா கொ, கோ, ஔ வருகிற இடங்களை. ஃபான்ட் பெயரைச் சொல்லக்கூடிய ஆட்களுக்கு வயசாகிக்கிட்டே போகுது. அதனால இந்த வாரமே போய்க் கேளுங்க.